அந்த எண்ணுக்கு யார் போன் போடுவது?

வணக்கம் அக்கா,

என் அக்கா மகனுக்கு 17 வயது, ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கிறான். போன மாதம் பிளாக் படிக்கட்டில் கண் சொருகி, கை கால் உதறியபடி கிடந்தவனைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்தான் பார்த்துச் சொன்னார். கேபாட் என்ற, மயக்க மருந்து கலந்த மின்சிகரெட்டை இழுத்திருக்கிறான். அக்காவுக்கு இரவு ஷிப்டில் துப்புரவு வேலை. அத்தான் இப்போது இல்லை. வாடகை வீட்டில் நாலு பேர். வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், படிப்பு போய்விடும், பையனை உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனையில் போட்டுவிடுவார்கள் என்று அழுகிறாள். உதவிக்கு எத்தனையோ இடம் இருப்பதாக எம்ஆர்டியில் விளம்பரம் பார்க்கிறேன். எங்களை மாதிரி ஆட்களுக்கும் அது இருக்கிறதா?

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் பையன். கேபாடில் கலப்பது எட்டோமிடேட், அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியை மயங்க வைக்க ஊசியில் ஏற்றுகிற மருந்து. அதைப் புகையாக இழுத்தால் நிதானம் போகும், உடம்பு உதறும், வலிப்புகூட வரலாம். மறுபடி அப்படிக் கிடந்தால் யாருக்கும் பயப்படாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அக்காவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட்டைச் சட்டப்படி சி பிரிவு போதைப்பொருளாக அறிவித்தார்கள். ஆனால் தானாக முன்வந்து மின்சிகரெட்டை விட உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை கிடையாது என்றும் அரசாங்கம் அப்போதே சொல்லியிருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் எண் 1800 438 2000. பிடிபடுவதற்கு முன்பே போய்விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உட்பிரிட்ஜ் என்ற பெயரை நம் வீடுகளில் இன்னும் வசவாகவே வைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனை 1993லேயே புவாங்கோக்குக்கு மாறிவிட்டது, இப்போது மனநலக் கழகம். போதைப் பழக்கத்துக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. போனவுடன் படுக்க வைத்துவிட மாட்டார்கள். பேசி, பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம். அங்கே போகவே தயக்கமாக இருந்தால், அதே கழகம் 2009ல் தொடங்கிய 'சாட்' என்ற சேவை 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களை இலவசமாகப் பார்க்கிறது. ராத்திரியில் அக்காவுக்கோ பையனுக்கோ தாங்க முடியாமல் போனால் மனநல உதவி எண் 1771. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமில்லை. போலீசுக்குப் பயந்து இதையும் மூடி வைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.

இனி உங்கள் கேள்வி. இருக்கிறது. ஆனால் உங்கள் அக்காவால் அங்கே போய்ச் சேர முடியுமா என்பதுதான் என் கவலை.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து பிளாக்கில் ஓர் அம்மா, அவர் மகன். அவனுக்கு 16 இருக்கும். மனநல ஆலோசகருடன் முதல் சந்திப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. அந்த அம்மா வேலை முடிந்து ஏழரைக்குத்தான் வீடு திரும்பியிருந்தார். தூங்கவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் வாடகை ரசீது, பிறப்புச் சான்றிதழ், பையனின் ரிப்போர்ட் புத்தகம். உதவித்தொகை கேட்கப் போகிற மாதிரி எல்லாவற்றையும் அடுக்கி எடுத்து வந்திருந்தார். ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

ஆலோசகர் நல்ல பெண், ஆனால் தமிழ் தெரியாது. அதனால் தன் நோயைத் தன் அம்மாவுக்கு அந்தப் பையனே மொழிபெயர்த்தான். அவர் 'ஆங்ஸைட்டி' என்றார். இவனுக்குப் பதற்றம் என்ற சொல் வரவில்லை. "பயமாம்மா" என்றான். "என்னடா பயம், ஆம்பளப் பிள்ளைக்கு?" என்று அம்மா கேட்டார். அதோடு சரி, மீதி நேரம் முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது சந்திப்புக்கு அவர்கள் போகவே இல்லை. கூடப் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த நானாவது அந்த ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இன்றைக்கும் அது மனசில் கிடக்கிறது.

2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 25.3 விழுக்காட்டினரின் மனநலம் மோசமாக இருந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் 17 விழுக்காடு. கேபாடைத் தூக்கிப் போட வைத்துவிட்டு, அது எதற்காகத் தேவைப்பட்டது என்று கேட்காமல் விட்டால் பிள்ளை வேறொன்றைத் தேடிக்கொள்வான். ஆனால் பழக்கத்துக்கு ஓரிடம், மனசுக்கு ஓரிடம், வாடகை பாக்கிக்கு ஓரிடம் என்று ஒரே கதையை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது இடத்துக்குப் போக யாருக்குத் தெம்பு இருக்கும்?

2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மனநலச் சேவை வரப்போகிறது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். அதோடு மாலை ஏழு மணிக்குமேலும் கதவு திறந்திருக்க வேண்டும். தமிழ் பேசுகிற ஆலோசகர் ஒருவராவது வேண்டும். அப்புறம், வாடகை வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்களுக்கு காம்லிங்க் பிளஸ் என்ற அரசாங்க உதவித் திட்டத்தில் ஒரு வழிகாட்டி இருக்கிறார் அல்லவா? வீட்டுக்கே வந்து பழகிய முகம். அவருக்கே இந்த விஷயத்திலும் பயிற்சி கொடுத்து, முதல் மூன்று சந்திப்புக்கும் கூடவே போக நேரமும் சம்பளமும் கொடுக்க வேண்டும். புதிதாக இன்னொரு உதவி எண் தொடங்குவதைவிட இதற்குப் பணம் ஒதுக்குவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். ராத்திரி வேலை முடிந்து வருகிற அம்மா எந்த எண்ணுக்கும் தானாகப் போன் போட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

உங்கள் வீட்டில் அந்த ஒருவர் இப்போதைக்கு நீங்கள்தான். எங்கே போனாலும், பதிவு செய்யும்போதே தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். பையனை மொழிபெயர்க்க விடாதீர்கள். பீட்டி ரோட்டில் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது, அக்கா அங்கே தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்லலாம். அவளுக்கு எந்த நாள் ஓய்வு என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். காலையில் ஈசூன் எம்ஆர்டி வாசலுக்கு நானும் வந்துவிடுகிறேன். மூன்று பேரும் சேர்ந்தே பையனைக் கூட்டிக்கொண்டு போவோம்.