உளி தீட்டக் கை போதுமா, கைடு வேண்டுமா?

காவேரிப்பட்டணத்தில் தச்சுவேலை பழகும் வாசகர் கேட்கிறார்: "கையால் தீட்டினால் உளியின் முனை உருண்டுவிடுகிறது. கையால்தான் பழகணும் என்கிறார் ஆசாரி. ஹோனிங் கைடு வாங்கலாமா?"

தாராளமாக வாங்குங்கள். உளியை ஒரே கோணத்தில் இறுக்கிப் பிடித்துக் கல்லில் உருட்ட உதவும் சிறிய சக்கரக் கருவிதான் ஹோனிங் கைடு. ஆசாரி சொல்வதும் சரிதான், ஆனால் அவருடையது பல வருடம் பழகிய கை. பழகாத கையில், கல்லில் தேய்க்கும்போது கைப்பிடி ஏறி இறங்கும். சாய்வுப் பக்கம் தட்டையாக நிற்காமல் வயிறு வைத்துவிடும். அப்புறம் முனை கல்லைத் தொட ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தூக்கவேண்டி வரும். 30 டிகிரி இருந்த இடம் 40 ஆகும்போது உளி மரத்தை வெட்டாது, நசுக்கும்.

பக்கவாட்டில் இறுக்கும் ஒற்றைச் சக்கர கைடில் முனை 40 மி.மீ. வெளியே நீட்டினால் சுமார் 25 டிகிரி, 30 மி.மீ. என்றால் சுமார் 30 டிகிரி. முதலில் 25-ல் தேய்த்து, கடைசிச் சில இழுப்பை மட்டும் 30-ல் கொடுங்கள். புளி, வேலம் போன்ற கட்டி மரத்தில் கொட்டாப்புளியால் அடித்து வேலை செய்தால் 25 டிகிரி முனை பொரிந்துவிடும்.

கால் இன்ச் உளியை மட்டும் கைடில் மாட்டாதீர்கள். விரல் ஒரு பக்கம் லேசாக அழுந்தினாலே முனை கோணலாகும். சாய்வில் மார்க்கர் மை பூசி, கல்லில் படிய வைத்து, உங்கள் பக்கம் மட்டும் இழுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் தேய்கிறது. கை பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கை, கைடு இரண்டையும் விட முக்கியம் உளியின் முதுகு, அதாவது சாய்வுக்கு எதிரே இருக்கும் தட்டைப் பக்கம். புது உளியின் முதுகில் மெஷின் கோடுகள் இருக்கும். முனையிலிருந்து ஒரு இன்ச் வரையாவது அவை மறைய வேண்டும். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பாலிஷ் போட்ட துண்டு ஒன்று கேட்டு வாங்கி, அதன்மேல் வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து 220, 400, 1000 நம்பர் என்று வரிசையாகத் தேயுங்கள். நடுவில் குழி விழுந்த சாணைக்கல்லைவிட இது எவ்வளவோ மேல்.

சாய்வைத் தீட்டியதும் முதுகுப் பக்கம் விரலை முனைக்கு வெளியே நகர்த்திப் பாருங்கள். மெல்லிய பிசிறு தட்டும். முழு அகலத்துக்கும் தட்டாமல் அடுத்த பேப்பருக்குப் போகாதீர்கள். கடைசியில் முதுகைப் படிய வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும்.

கூர் வந்ததா என்று பார்க்கக் கட்டி மரம் வேண்டாம். மென்மையான மரத்துண்டு ஒன்றில், நாருக்குக் குறுக்கே அறுத்த முகத்தைச் சீவுங்கள். மழுங்கிய உளி நாரைப் பிய்க்கும், கூரானது வழவழப்பாகச் சீவும்.