ஏபிசி பாடுகிறார்கள், வாசிக்கத்தான் தெரியவில்லை

வணக்கம் அக்கா,

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 3 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஏபிசியைப் பாட்டாகவே பாடுவார்கள், கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்தெழுதுவார்கள். 'பின்' என்று மூன்றெழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிக் காட்டினால் வாசிக்க முடியவில்லை. சிலருக்குத் தமிழ் வாசிப்பே தடுமாற்றம். புத்தகத்தை முடி என்கிறது பாடசாலை, கொப்பி நிறைய எழுத்து வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். எங்கே தொடங்குவது அக்கா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஓசையில் தொடங்குங்கள். புத்தகத்தை நிறுத்த வேண்டாம், ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் பத்து நிமிடத்தை இதற்கு எடுத்துக்கொண்டால் போதும். பீ, ஐ, என் என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'பின்' வராது; ப், இ, ன் என்று சொன்னால் வந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு இது புது வித்தை இல்லை, க் + அ = க என்று தமிழில் ஏற்கெனவே செய்து பழகியவர்கள்தானே, அதையே இங்கேயும் செய்யப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், பாதிப் பயம் போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெய்யெழுத்தை 'இக், இப்' என்று சொல்லிப் பழகியிருப்பார்கள், அந்த முன்னால் வரும் 'இ'யும் கூடாது, பின்னால் 'பு' என்று இழுப்பதும் கூடாது. ப் என்றால், உதட்டை மூடித் திறந்தால் வரும் ஓசை மட்டும்.

அகரவரிசைப்படி போக வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் ஓசைவழி வாசிப்பைத் தொடங்கும்போது பெரும்பாலும் எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் ஆகிய ஆறு எழுத்துகளைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், அந்த ஆறிலேயே பின், டின், சிட், டிப் என்று நிறையச் சொற்கள் கிடைத்துவிடுவதால். முதல் கிழமையிலேயே ஒரு பிள்ளை தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்டால் அதற்கு வரும் துணிவே வேறு.

தமிழ் உதவாத இடமும் உண்டு. பன்றிக்கும் பெரியதுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை எங்கள் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'பிக்' தான். பிள்ளையின் காதில் குறை இல்லை, ஒரே 'ப'வை இடத்துக்கு ஏற்ப இரண்டு விதமாகச் சொல்லி வளர்ந்த பிள்ளை அது. அதனால் பன்றிக்கு 'பல்'லில் வரும் ப, பெரியதுக்கு 'கம்பு'வில் வரும் ப என்று தமிழ்ச் சொல்லையே அடையாளமாகக் கொடுங்கள். அப்படியே 'பட்டு'வின் ட, 'வண்டி'யின் ட. 'காகம்' என்பதில் முதல் க, 'தங்கம்' என்பதில் வரும் க. இதை யாரும் சொல்லிக் கொடுக்காததால்தான் பல பிள்ளைகள் வருடக்கணக்காக இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழே வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனது பதறுகிறது. வாசிப்பு என்பது எழுத்தை ஓசையாக்கும் திறனையும் மொழியை விளங்கிக்கொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் எழுதினார்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இந்தப் பிள்ளைகளிடம் தமிழ் மொழி முழுதாக இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுமே இல்லை. ஆகவே அவர்களுக்கு முதலில் தமிழ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பாசிரியையுடன் பேசுங்கள். ஆங்கிலப் பாடத்தில் அவர்கள் கேட்கட்டும், பேசட்டும், விளையாடட்டும், கொப்பியைத் திணிக்க வேண்டாம். தரம் 1, 2இல் ஆங்கிலத்தை வாய்மொழியாக மட்டும் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு, ஆனால் தரம் 3 வந்ததும் எல்லாரும் தமிழ் வாசிப்பை முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் பிள்ளைகள் விடுபடுகிறார்கள். அதற்குப் பிறகு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெற்றோரைக் கோபிக்காதீர்கள். 2006இல் சம்பூர், மூதூர்ப் பக்கம் போரால் இடம்பெயர்ந்தபோது அவர்களில் பலர் தாங்களே பள்ளிப் பிள்ளைகள், படிப்பு அறுந்து முகாம்களில் இருந்தவர்கள். நிறைந்த கொப்பியைத்தான் அவர்களால் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட முடிகிறது. ஒரு நாள் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் பிள்ளையை மூன்று சொல் வாசிக்க வையுங்கள்.

பார்த்தெழுதுவதைக் குறைத்து, நாளுக்கு மூன்று சொல் சொல்வதெழுதல் வையுங்கள், ஓசையைக் கேட்டுத் தானே எழுத்தைத் தேடட்டும். சொற்கள் பிள்ளைகள் கண்டவையாக இருக்கட்டும், வலை, சூரியன், குடிசை, கோழி. நெட், சன், ஹட், ஹென் எல்லாமே மூன்றெழுத்து. சவர்க்கார உறை, பிஸ்கட் பைக்கற், மும்மொழியில் உள்ள பஸ் பலகை எல்லாம் வாசிப்புப் புத்தகம்தான்.

நான் பிள்ளைகளுக்காகக் கையால் எழுதிய வாசிப்பு அட்டைகள் கொஞ்சம் திருகோணமலையில் வீட்டில் இருக்கின்றன. எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள், பிரதி எடுத்து மூதூர் பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா