கண்டித்தாலே தலையீடு ஆகிவிடுமா?

"வேறொரு நாட்டின் மனித உரிமை மீறலைக் கண்டிப்பதே தலையீடுதான்" என்று விவாதப் போட்டியில் எதிரணி மடக்கியதாக எழுதியிருந்தீர்கள். இல்லை, கண்டனம் வேறு. தலையீடு என்றால் அதில் வற்புறுத்தல் இருக்க வேண்டும்.

1986இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் போட்ட கோடு இதுதான். நிகரகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட காண்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது சட்டவிரோதம். பணம் கொடுத்ததுகூடத் தலையீடுதான். ஆனால் நிகரகுவா மீது அமெரிக்கா போட்ட வர்த்தகத் தடையை, பிற நாட்டு விவகாரங்களில் தலையிடாமைக் கொள்கையின் மீறலாக நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தக் கடைசிப் பகுதி எனக்கு இன்றும் உறுத்துகிறது. சிறிய நாட்டுக்கு அதுவும் பெரிய நெருக்கடிதானே.

அப்புறம், நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்னும் ஐ.நா. சாசனத்தின் 2(7)ஆம் பிரிவை நீட்டினால் அசராதீர்கள். அது ஐ.நா. அமைப்பைக் கட்டுப்படுத்துவது. நாடுகளுக்கானது 2(4), அது தடுப்பது படைபலத்தையும் அதைக் காட்டி மிரட்டுவதையும்.