எந்தச் செவ்வாய்?

வணக்கம் சேர்,

எனக்கு ஊர் திருகோணமலைப் பக்கம் உப்புவெளி. கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எனக்கு மிகவும் பிடித்த பாடம், தமிழில்தான் படித்தேன். இப்போது அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா வந்து என்னை விழுத்திவிட்டது. குரூப் என்றால் என்ன என்பது விளங்கியது: எந்த இரண்டைச் சேர்த்தாலும் விடை உள்ளேயே இருக்கும், செய்ததைத் திருப்பிச் செய்து பழையபடி ஆக்கலாம் என்கிற ஒரு கூட்டம். அதற்குள் இருக்கும் சின்னக் குரூப் சப்குரூப். லக்ராஞ்சின் தேற்றம் வரைக்கும் தத்தித் தத்தி வந்தேன். நோர்மல் சப்குரூப், கோஷண்ட் குரூப் என்று தொடங்கியதும் ஒன்றும் ஏறவில்லை. நிறுவல்களைப் பாடமாக்கி எழுதுகிறேன், என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது. போன முறை ஃபெயில், இனி ரிப்பீட் எழுத வேண்டும். இதற்கான மூளை எனக்கு இல்லையோ? நீங்கள் கணிதம் படித்துவிட்டுக் கதை எழுத வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு மாணவி

*

அன்புள்ள மகளுக்கு,

மூளையை முதலில் ஒரு பக்கம் வைப்போம். நானும் இதே பாடத்தில், இதே இடத்தில்தான் விழுந்தேன். நிறுவலைக் கமா, முற்றுப்புள்ளியோடு பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனேன். நோட்ஸில் குரூப்பின் பெயர் ஜீ, சப்குரூப்பின் பெயர் எச். வினாத்தாளில் ஜீக்குப் பதிலாக எச், எச்சுக்குப் பதிலாக கே என்று போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், எனக்குக் கை ஓடவில்லை. சிரிக்காதீர்கள், எழுத்து மாறியதற்கே நான் ஃபெயில்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோஷண்ட் என்ற சொல்லை நீங்கள் கம்பஸில்தான் முதலில் கேட்டதாக நினைக்கிறீர்கள். அதன் தமிழை ஆரம்பப் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள்: ஈவு. 12 தேங்காயை நாலு நாலாகக் குவித்தால் மூன்று குவியல் வரும். அந்த மூன்றுதான் ஈவு. கோஷண்ட் குரூப்பிலும் இதே குவிக்கிற வேலைதான் நடக்கிறது. குவித்த பிறகு ஒரு பேராசை வருகிறது: குவியலையும் குவியலையும் கூட்டலாமா, பெருக்கலாமா என்று கேட்கிறோம். உங்களை விழுத்தியது அந்தக் கேள்விதான்.

இன்றைக்குச் செவ்வாய் என்று வையுங்கள். மூன்று நாள் கழித்து என்ன கிழமை? வெள்ளி என்று உடனே சொல்வீர்கள். எந்த மாதத்துச் செவ்வாய், எந்த வருடத்துச் செவ்வாய் என்று யாரும் கேட்பதில்லை. செவ்வாய் என்பது ஒரு நாளின் பெயரல்ல. ஏழு ஏழு நாள் இடைவெளியில் முன்னும் பின்னும் முடிவில்லாமல் போகும் நாட்களின் குவியலுக்குப் பெயர். அதைத்தான் உங்கள் நோட்ஸ் கோசெட் என்கிறது. நாட்களை முழு எண்களாக எழுதினால், ஏழின் மடங்குகள் சப்குரூப், கிழமைகள் ஏழும் அதன் கோசெட்டுகள். கிழமைக் கணக்கு ஒரு கோஷண்ட் குரூப். சின்ன வயதிலிருந்தே அதில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது வேறு மாதிரிக் குவித்துப் பார்ப்போம். எல்லா மாதத்து 30ஆம் திகதியையும் ஒரு குவியலில் போடுங்கள். 30ஆம் திகதிக்கு மூன்று நாள் கழித்து என்ன திகதி? ஜூன் என்றால் 3, ஜூலை என்றால் 2. எந்த மாதம் என்று கேட்காமல் பதில் சொல்ல வழியில்லை. இந்தக் குவியல்களை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. ‘வெல் டிஃபைன்ட்’ என்று விரிவுரையில் வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்களே, அதன் பொருள் இவ்வளவுதான்: குவியலுக்குள்ளிருந்து எதை எடுத்தாலும் விடை போய் விழும் குவியல் மாறக்கூடாது.

திகதி உதாரணத்தில் ஒரு குறை உண்டு. அந்தக் குவியல்கள் ஒரு சப்குரூப்பிலிருந்து வரவில்லை. சப்குரூப்பிலிருந்து வந்தும் கெட்டுப்போகிற உதாரணம்தான் நமக்கு வேண்டும். மூன்று கோப்பை எடுங்கள். வெவ்வேறு நிறம் என்றால் நல்லது. வரிசையாக மூன்று இடத்தில் வையுங்கள். அவற்றை இடம் மாற்றும் வழிகள், சும்மா விடுவதையும் சேர்த்து, ஆறு. அதில் ‘சும்மா விடு’, ‘முதல் இரண்டு இடங்களையும் மாற்று’ ஆகிய இரண்டும் சேர்ந்தால் ஒரு சப்குரூப். இந்த இரண்டில் எதைச் செய்தாலும், அதன் பின்னால் ‘முதலாம், மூன்றாம் இடங்களை மாற்று’ என்பதைச் செய்யுங்கள். உங்களுக்கு ஒரு கோசெட் கிடைக்கும். அதில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒன்று வெறும் ‘முதலாம், மூன்றாம் இடங்களை மாற்று’. மற்றது ஒவ்வொரு கோப்பையும் ஓரிடம் நகர்ந்து, கடைசிக் கோப்பை முன்னுக்கு வருகிற சுற்று. கையால் செய்து பாருங்கள், என்னை நம்பாதீர்கள்.

இந்தக் குவியலை அதனாலேயே பெருக்க வேண்டும், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும். முதலாமவரை எடுத்து இரண்டு தரம் செய்தால் கோப்பைகள் பழைய இடத்துக்கே வந்துவிடும். விடை சப்குரூப்புக்குள் இருக்கிறது. இரண்டாமவரை எடுத்து இரண்டு தரம் சுற்றினால்? எதிர்ப்பக்கமாக ஒரு தரம் சுற்றிய மாதிரி நிற்கும். அது அந்தச் சப்குரூப்பில் இல்லை. ஒரே குவியலிலிருந்து இரண்டு பேரை எடுத்தோம், விடைகள் இரண்டு குவியலில் போய் விழுந்தன. 30ஆம் திகதியின் கதைதான் மறுபடியும். இந்த விபத்து நடக்காத சப்குரூப்புக்குத்தான் நோர்மல் என்று பெயர். இடப்பக்கக் கோசெட்டும் வலப்பக்கக் கோசெட்டும் (சப்குரூப்பை முன்னால் செய்து வரும் குவியலும் பின்னால் செய்து வரும் குவியலும்) ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வானத்திலிருந்து விழவில்லை. கோப்பை உடையாமல் இருக்கப் போட்ட நிபந்தனை அது. (நோர்மல் என்று பெயர் வைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. சாதாரணம் என்று பொருள்படும் சொல்லை இவ்வளவு விசேஷமான ஒன்றுக்கு வைப்பார்களா?)

பிரெஞ்சுக் கணித மேதை கல்வா 1832ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி, துப்பாக்கிச் சண்டைக்குப் போவதற்கு முதல் நாள், நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். வயது 20. முழுக் கணிதத்தையும் அந்த ஒரே இரவில் எழுதினார் என்பது கட்டுக்கதை, பெரும்பகுதியை முன்பே எழுதியிருந்தார். ஆனால் அந்தக் கடிதத்தில் இந்த விஷயம் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பிரிப்பும் ஒன்றாக வருகிற சப்குரூப்புகளைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார். குரூப்புக்குப் பொதுவான வரைவிலக்கணம் ஒன்றை ஆங்கிலேயக் கணிதவியலாளர் கேய்லி எழுதிப் பார்த்தது 1854இல். இடையில் 22 வருடம். சரித்திரத்தில் கடைசியாக வந்ததை உங்கள் நோட்ஸ் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. உங்களுக்கு ஏறாததில் அதிசயம் இல்லை.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மான் என்றால் என்ன என்று யாரும் வரைவிலக்கணம் சொல்லித் தருவதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் மேய்கிறதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். குரூப்பும் அப்படித்தான், பத்துப் பன்னிரண்டையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். தனியாக ஒரு கொப்பி வையுங்கள். பக்கத்துக்கு ஒரு குரூப். பெருக்கல் அட்டவணையைக் கையால் எழுதி, சப்குரூப்புகளை எல்லாம் தேடிப் பிடித்து அடைத்துவிடுங்கள். புதுத் தேற்றம் வந்தால் நிறுவலைத் தொடாமல் முதலில் இந்தக் கொப்பியில் வைத்துப் பாருங்கள். பிறகு நிபந்தனை ஒன்றை எடுத்துவிட்டு எந்தப் பக்கத்தில் உடைகிறது என்று தேடுங்கள். வீடியோ பார்ப்பது தவறில்லை, ஆனால் அதில் அசைவது வேறொருவர் கை. பாஸ்ட் பேப்பரைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்திருங்கள்.

லக்ராஞ் தத்தியதற்கும் ஒரு மருந்து சொல்கிறேன். கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு. அவற்றை வட்டமாக நினைத்துக்கொண்டு, மூன்று மூன்றாகத் தாண்டிப் போங்கள்: 1, 4, 7, 3, 6, 2, 5, மறுபடி 1. ஒன்றும் தப்பாது. இரண்டாகத் தாண்டினாலும் ஐந்தாகத் தாண்டினாலும் அப்படித்தான், ஏனென்றால் ஏழு முதன்மை எண். எட்டுக் கிணறு இருந்து இரண்டு இரண்டாகத் தாண்டினால் நாலு கிணற்றில் மட்டும்தான் குளிப்பீர்கள். சப்குரூப்பின் அளவு குரூப்பின் அளவை மிச்சமில்லாமல் வகுக்கும் என்ற தேற்றத்தை இதில் வைத்து யோசியுங்கள்.

அப்புறம் ஒரு வீட்டுவேலை. கடதாசியில் ஒரு சதுரம் வெட்டி மூலைகளுக்கு இலக்கம் போடுங்கள். அதைத் திருப்பியும் புரட்டியும் அதே இடத்தில் வைக்க எட்டு வழி உண்டு. முழுக் குரூப்பையும், சும்மா விடுவது மட்டும் உள்ளதையும் சேர்த்தால் பத்துச் சப்குரூப் அகப்பட வேண்டும். ஆறு நோர்மல், நாலு இல்லை. அந்த நாலில் ஒன்றை எடுத்து, கோப்பையை உடைத்ததுபோல உடைத்துக் காட்டி எனக்கு எழுதுங்கள். ஒன்பதுதான் கிடைத்தது என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள். எனக்கு முதல் தடவை எட்டுத்தான் கிடைத்தது.