தேற்றங்களை நிரூபிக்கக் கணினிக்குக் கற்றுத்தரும் ஆராய்ச்சி வேலை என்றால் என்ன?

ஒரு கணிதக் கூற்றைக் கொடுத்தால், அடிப்படை விதிகளிலிருந்து படிப்படியாக நிரூபணம் தேடும் மென்பொருள்தான் தானியங்கித் தேற்ற நிரூபிப்பான். விதிகள் எல்லாம் அதற்குத் தெரியும். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் திணறும். கணித நிரூபணங்களைக் கணினி சரிபார்க்கும் வடிவில் எழுதிச் சேர்க்கும் முயற்சியாகப் போலந்தில் 1973இல் தொடங்கிய மிசார் திட்டத்தின் தொகுப்பில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட தேற்றங்கள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தொடங்கினால் சாத்தியங்களுக்கு எல்லையே இல்லை. பெரிய மளிகைக் கடையில் பழகிய ஆள், சீட்டைப் பார்த்ததுமே சரியான அலமாரிக்குப் போய்விடுவார் அல்லவா? பழைய நிரூபணங்களிலிருந்து அந்தப் பழக்கத்தைப் பெறுவதே இயந்திரக் கற்றலின் பங்கு. அப்படிப் பயின்ற நிரலைக் கற்றல் மாதிரி (model) என்பார்கள்.

பிராக் நகரின் செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோசெப் உர்பன் குழு இத்துறையில் பெயர்பெற்றது. இத்தகைய குழுக்களில் முனைவர் பட்ட மாணவராகவோ, பட்டம் முடித்த ஆய்வாளராகவோ சேரலாம். நிரல் எழுதுவது, நிரூபணத் தரவைச் சீராக்குவது, சோதனைகளை ஓட்டுவது எனப் பெரும்பாலான நாள்கள் போகும். தர்க்கம், நிரலாக்கம் இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும் வேலை இது. எனக்கு அதுவே பெரிய ஈர்ப்பு.

“கற்றல் மாதிரி தவறு செய்யுமே, நிரூபணத்தை எப்படி நம்புவது?” என்று பலர் நினைக்கிறார்கள். மாதிரி வழியைப் பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு அடியும் தர்க்க விதிப்படியே அமைய வேண்டும் என்பதால், தவறான ஊகத்தால் வீணாவது நேரம் மட்டுமே.