கேள்விப்பட்ட செய்தி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் செய்தித்தாள்கள் சிலவற்றை இணையத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். திருமணமோ கொள்ளையோ படை நகர்வோ, எதுவானாலும் பத்திகள் ‘வி ஹியர்’, அதாவது ‘கேள்விப்படுகிறோம்’ என்றே தொடங்குகின்றன. விசாரிக்காமல் வதந்தியை அச்சிட்ட சோம்பேறிகள் என்றே எனக்குப் படுகிறது. இவற்றைச் சான்றாகக் கொள்ளலாமா? எஸ் எழுத்து எஃப் போல அச்சாகியிருப்பதும் எரிச்சலூட்டுகிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

எஸ் எழுத்துக்குக் கண் சீக்கிரமே பழகிவிடும். சான்றாகக் கொள்ளலாமா என்றால், வேறொன்றோடு ஒத்துப்பார்த்துக் கொள்ளலாம். அதற்குமேல் அதில் பேச எதுவும் இல்லை. ஆனால் சோம்பேறிகள் என்று எழுதிவிட்டீர்களே, அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. ‘கேள்விப்படுகிறோம்’ என்ற அந்த வினைச்சொல்லைப் பற்றி நானே கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைய பத்திரிகைக்கு நாம் இன்று அறிந்த பொருளில் நிருபர்கள் கிடையாது. காப்பிக் கடைப் பேச்சு, துறைமுகத்திலிருந்து வரும் கடிதம், கப்பல் தலைவன் கொண்டுவரும் அயலூர்த் தாள் ஆகியவற்றை வைத்தே அச்சகத்தார் பக்கத்தை நிரப்பினார்கள். அயல்நாட்டுச் செய்தி என்றால் ‘வியன்னாவிலிருந்து எழுதுகிறார்கள்’ என்பார்கள். உள்ளூர்ச் செய்தி என்றால் ‘கேள்விப்படுகிறோம்’ என்பார்கள். நாங்கள் பார்க்கவில்லை, எங்கள் காதுக்கு வந்தது, அவ்வளவுதான் என்று வாக்கியத்தின் தலையிலேயே சொல்லிவிட்ட பிறகு, அவர்களைப் பொய்யர் வரிசையில் நிறுத்துவது என்ன நியாயம்?

அந்தச் சொல் இல்லாத இடத்தில்தான் நீங்கள் உஷாராக இருந்திருக்க வேண்டும். நாடாளுமன்ற விவாதங்களை வெளியிடக் கூடாது என்று பிரிட்டிஷ் மக்களவை 1738-இல் கடுமையாகத் தீர்மானம் போட்டது. ‘ஜென்டில்மென்ஸ் மேகசின்’ என்ற லண்டன் மாத இதழ் அவற்றை, ‘கலிவரின் பயணங்கள்’ கதையில் வரும் கற்பனை நாடான லில்லிபுட்டின் விவாதங்கள் என்று வேடமிட்டு வெளியிட்டது. 1741 முதல் 1744 வரை அவற்றை எழுதிய சாமுவேல் ஜான்சன், பெரும்பாலும் அவைக்குள் கால் வைக்காமலேயே, யாரோ கொண்டுவந்த சில்லறைக் குறிப்புகளிலிருந்து முழு நீள உரைகளைப் படைத்தார். அவற்றில் தயக்கமே தெரியாது. அதனாலேயே உண்மையான உரைகள் என்று பலரும் நம்பினார்கள்.

இன்னோர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் மேலோட்டமாகப் படித்திருக்கிறீர்கள். 1775 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் பிரிட்டிஷ் படைக்கும் அங்கிருந்த குடியேற்றத்தாருக்கும் சண்டை மூண்டது. பிரிட்டிஷ் தளபதி கேஜ் தன் அறிக்கையைச் ‘சூக்கி’ என்ற கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார். குடியேற்றத் தரப்பு, சேலம் நகரத்துச் செய்தித்தாளையும் கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலங்களையும் ‘குவேரோ’ என்ற சிறு கப்பலில் ஏற்றி, ஜான் டெர்பி என்ற தலைவனிடம் ஒப்படைத்தது. சில நாள் பிந்திக் கிளம்பிய குவேரோ முந்திக்கொண்டது. மே 28 அன்று டெர்பி லண்டனில் இருந்தார். செய்தி அச்சேறி ஊரெங்கும் பரவியது. அப்போது அரசு என்ன செய்தது தெரியுமா? அப்படி ஒரு மோதல் நடந்ததாக, அமெரிக்கக் குடியேற்றங்களைக் கவனிக்கும் தன் துறைக்கு இதுவரை தகவல் எதுவும் வரவில்லை என்று மே 30 அன்று அறிவித்தது. நடக்கவில்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். தகவல் வரவில்லை என்றுதான் சொன்னது. ஒரு பொய்கூடச் சொல்லாமல், உண்மையை வதந்தியைப் போலக் காட்டிவிட்டது. குடியேற்றங்களின் முகவர் ஆர்தர் லீ விடவில்லை. வாக்குமூலங்கள் லண்டன் மேயரிடம் இருக்கின்றன, சந்தேகப்படுபவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் அறிவிப்பு வெளியிட்டார். கேஜின் அறிக்கை ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தது.

ஊரார் கேள்விப்பட்டது சரியாக இருந்தது. முத்திரை குத்திய தாளுக்காகக் காத்திருந்தவர்களிடம்தான் செய்தி இல்லை. காதுவழி வந்தது என்றாலே கீழானது என்று நீங்கள் எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

இளம் வயதில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். ‘என்று கூறப்படுகிறது’ என்று நான் முடித்த வாக்கியங்களை எல்லாம் தலைமை உதவி ஆசிரியர் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் ‘யாரால்?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். சொன்னவரும் கேட்டவரும் இல்லாத அந்த வாக்கியத்தை நாம் இன்று தினமும் கூசாமல் படிக்கிறோம். லண்டன் அச்சகத்தார் ‘நாங்கள்’ என்ற எழுவாயையாவது விட்டுவைத்தார்கள்.

நீங்கள் கவனமாகப் படிக்கக்கூடியவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, அவசரம்தான் கெடுக்கிறது. அந்த 1775 மே கடைசி வாரத் தாள்களையும் ஜூன் மாத அரசிதழான ‘லண்டன் கெஜட்’டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதலில் சுட்டது யார் என்பதில் இரண்டும் முரண்படும். அங்கிருந்து தொடங்கி, கிடைத்ததை எனக்கு எழுதுங்கள்.