பழைய ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். கார் வாங்கும்போது: டாஷ்போர்டில் எஞ்சின் வெப்பநிலை முள் 90-ல் நின்றால் நம்பலாமா?

நம்ப முடியாது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 80 டிகிரியில் இருந்தாலும் 100-ல் இருந்தாலும் அந்த முள் 90-லேயே நிற்கும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். காரின் கணினியிலிருந்து உண்மையான வெப்பநிலையைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகி, ஏ.சி. போட்டு 20 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஃபேன் ஓடியும் கூலன்ட் 110 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த வண்டி வேண்டாம்.

"கூலன்ட் லேசா குறையும், ஊத்திக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், அது பெரும்பாலும் கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் (அவற்றின் கூடு) கசிவுதான். பிளாஸ்டிக் சமாச்சாரம், நாளாக ஆக நெளியும். எஞ்சின் ஆறியபின் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அனுப்பும் குழாய்த் தொகுதி) கீழே டார்ச் அடியுங்கள். இளஞ்சிவப்பாகப் பொருக்கு தட்டியிருந்தால் அதேதான். மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பானெட்டுக்குள் புதிதாகக் கழுவியிருந்தால் இந்தத் தடயம் கிடைக்காது. அப்போது பிரஷர் டெஸ்ட் (கூலன்ட் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்தால் எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.